உம் கொட்டும் அவை: மேடையிலும் திரையிலும் இல்லத்திலும் பாரதக் கதை

நாடகத்தையும் திரைப்படத்தையும் அரங்கிற்குச் சென்று பார்ப்பதற்கும், தொலைக்காட்சியின் வழி இல்லத்தில் இருந்தபடியே பார்ப்பதற்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் சமூகவியல் நோக்கில் பேசப்பட்டு வந்துள்ளது. அரங்கு மக்களைக் கூட்டுகிறது, தொலைக்காட்சி பிரிக்கிறது என்பது அப்பேச்சின் சாரம். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதனை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு முன் வேறொரு வினாவை எழுப்ப வேண்டும். ஒரு கதை நிகழ்த்தப்படும்போது கேட்போரின் மறுமொழிக்கு அப்பனுவலில் இடம் உண்டா? உண்டெனில் அந்த இடத்தை யார் நிரப்புகின்றனர்? சுவைத்தல் என்பதன் வேறுபாடு இவ்வினாவிற்கான விடையில்தான் தங்கியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழில் இதற்கு 'உம் கொட்டுதல்' என்னும் அழகிய வழக்கு உண்டு. கதை சொல்பவர் ஒவ்வொரு தொடரின் முடிவிலும் சிறிது நிறுத்துவார். கேட்பவர் 'உம்' என்பார். அவ்வொலி வராவிடின் கதை நகராது. பொருள் ஏதும் அற்ற இவ்வொலியை வெறும் அசை என்று ஒதுக்கிவிட இயலாது. ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான தம் கட்டுரையில் மொழியின் செயற்பாடுகளை ஆறாக வகுத்தபோது, சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான தொடர்பை அறுபடாமல் காப்பதை ஒரு தனிச் செயற்பாடாகவே வைத்தார். உம் கொட்டுதல் அச்செயற்பாட்டின் தூய வடிவம் எனலாம். ஆனால் நம் கதைமரபில் அது தொடர்பைக் காப்பதோடு நிற்பதில்லை. கதையின் வேகத்தையும் நீளத்தையும் சில வேளைகளில் அதன் போக்கையுமே அது முடிவு செய்கிறது.

பாரதம் இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமான சான்று. அக்கதை தன் அமைப்பிலேயே ஒரு கேட்போனை உடையது. சனமேசயனுக்கு வைசம்பாயனர் சொல்கிறார். அதனை நைமிசாரணியத்தில் சவுனகர் முதலிய முனிவர்க்கு உக்கிரசிரவர் சொல்கிறார். போர்ப் பகுதி முழுவதும் சஞ்சயன் திருதராட்டிரனுக்குச் சொல்வதாக அமைந்துள்ளது. சஞ்சயனைத் தொலைக்காட்சியின் முன்னோடியாக வருணித்துக் கைதட்டல் பெறும் மேடைப் பேச்சாளர்கள் நம்மிடையே உண்டு. ஒப்புமை பிழையானது. திருதராட்டிரன் இடைமறித்துக் கேட்கிறான், புலம்புகிறான். சஞ்சயன் அவனைக் கடிந்துகொள்ளவும் செய்கிறான். எந்தத் தொலைக்காட்சிப் பெட்டியும் தன் முன் அமர்ந்திருப்பவரைக் கடிந்துகொண்டதில்லை.

இந்தியாவின் பல பகுதிகளில் நிகழும் பாரத நிகழ்த்துகலைகள், கேட்போனுக்குரிய இந்த இடத்தைக் கைவிடாமல் காத்து வந்துள்ளன. சத்தீசுகரின் பாண்டவானி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கதை சொல்பவர் ஒருவரே வீமனாகவும் துச்சாதனனாகவும் திரௌபதியாகவும் மாறுகிறார். கையிலுள்ள தம்பூரா கதையாயுதமாகிறது, வில்லாகிறது. பாண்டவானியை நாடறியச் செய்த தீஜன் பாய்க்கு 2019இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அவருடைய உடலசைவையும் குரலையும் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அவர் அருகில் அமர்ந்திருக்கும் 'ராகி' என்னும் துணைக் கலைஞரைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. ராகியின் பணி 'ஹுங்காரு' கொடுப்பது. ஹுங்காரு என்பது நம் 'உம்' அன்றி வேறில்லை. அதனோடு அவர் வினவுகிறார், வியக்கிறார், சொன்னதைத் திரும்பச் சொல்கிறார். அவையோர் எங்கே வியக்கக்கூடுமோ அங்கே அவர்கள் சார்பில் முதலில் வியப்பவர் அவர். அவையின் ஒரு துண்டு மேடையேறி அமர்ந்திருக்கிறது என்று கூறினால் மிகையாகாது.

வட தமிழகத்துத் தெருக்கூத்தில் இப்பணி கட்டியங்காரனிடம் உள்ளது. ஆயின் அவன் ராகியைவிட அதிகம் செய்கிறான். திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் துரியோதனன் தன் பெருமைகளைப் பாட்டாலும் செந்நடை வசனத்தாலும் கூறுகிறான். கட்டியங்காரனோ அவனை யாரென வினவி, அவன் கூறியதை ஊர்ப்பேச்சில் அவைக்குத் திருப்பிச் சொல்கிறான். அந்த ஊரின் நிகழ்ச்சி ஒன்றையும் போகிற போக்கில் அதனோடு சேர்த்துவிடுகிறான். இரட்டைவழக்கு நிலவும் ஒரு மொழியில், உயர்வழக்கிலிருந்து தாழ்வழக்கிற்கு உடனுக்குடன் நடைபெறும் மொழிபெயர்ப்பு இது. கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன் வடமொழிச் செய்யுளை மலையாளத்தில் விரித்துரைப்பதும், தலைவன் பாடிய செய்யுளுக்கு எள்ளல் நிறைந்த எதிர்ச்செய்யுள் சொல்வதும் இவ்வகையினவே. மொழிபெயர்ப்பாளன் அவையோர் கண்ணெதிரே மேடையில் நிற்கும் அரிய காட்சி இது. மொழிபெயர்ப்பியல் நூல்கள் மொழிபெயர்ப்பாளர் புலப்படாமல் மறைந்து நிற்பதைப் பற்றி நெடிது விவாதிக்கின்றன. நம் கூத்தரங்கில் அவன் மறைந்து நின்றதே இல்லை.

துகிலுரியும் காட்சி இவ்வுறவின் உச்சம். திரௌபதி அம்மன் வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைடல் போன்றோரின் நூல்களில் இது விளக்கம் பெற்றுள்ளது. திரௌபதி அங்கே கதைமாந்தர் மட்டும் அல்லள், ஊரின் தெய்வம். ஆகவே துச்சாதன வேடமிட்டவர் சேலையைத் தொடுமுன் வேடத்தை நீங்கி நின்று கற்பூரம் ஏற்றி வணங்குவது உண்டு. அவையில் இருப்போருள் சிலர் அருள் வந்து ஆடுவதும் உண்டு. கதை அங்கே நின்றுவிடுகிறது. அவை தணிந்த பின்னரே மீண்டும் தொடங்குகிறது. இந்நிறுத்தத்திற்கு அச்சிட்ட கூத்துப் பனுவலில் குறியீடு எதுவும் இல்லை. ஆயினும் அந்நிறுத்தம் இல்லாத துகிலுரிதல் அவ்வூராரைப் பொறுத்தவரை துகிலுரிதல் ஆகாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர் செயிற்றியனார் கருத்தைக் காட்டுகிறார். நடிப்பவனிடம் நிகழ்ந்தது காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு என்பது அதன் பொருள். கூத்தவையைக் கண்டவர்கள், காண்போரிடம் நிகழ்ந்தது நடிப்பவனைச் சென்றடைவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள விரும்புவர்.

இம்மரபுக்கு வெளியே நின்று பாரதத்தை அணுகிய ஒருவரும் கேட்போனின் தேவையை உணர்ந்திருந்தார் என்பது நோக்கத்தக்கது. பீட்டர் புரூக்கின் 'மகாபாரதம்' 1985இல் பிரான்சின் அவிஞோன் விழாவில், கைவிடப்பட்ட கற்சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ ஒன்பது மணிநேர நாடகமாக நிகழ்ந்தது. பிரெஞ்சில் எழுதியவர் ழான் க்ளோத் கரியேர், ஆங்கிலமாக்கியவர் புரூக்கே. 1987இல் ஆங்கில வடிவம் பல நாடுகளுக்குச் சென்றது. 1989இல் அது படமாக்கப்பட்டபோது தொலைக்காட்சிக்கென ஏறக்குறைய ஆறு மணிநேர வடிவமும் திரையரங்கிற்கென ஏறக்குறைய மூன்று மணிநேர வடிவமும் உருவாயின. இந்தியப் பண்பாட்டினின்று கதையைப் பிரித்தெடுத்துவிட்டதாக ருஸ்தம் பரூச்சா எழுதிய கடுமையான மறுப்பு பலரும் அறிந்தது. அதன் பெரும்பகுதி ஏற்கத்தக்கது. எனினும் கரியேர் செய்த ஒன்றைப் பாராட்டாமல் இருக்க இயலாது. வியாசர் கதை சொல்ல, எழுதுபவராகக் கணபதி அமர, கேட்பதற்கென ஒரு சிறுவனை அவர் படைத்தார். அச்சிறுவன் வினவுகிறான், வியாசர் விடை கூறுகிறார். சனமேசயனை நீக்கிய இடத்தில் பெயரற்ற ஒரு சிறுவன்! கேட்போன் இன்றி இக்கதையைச் சொல்ல முடியாது என்பதை அயல்மொழி நாடகாசிரியர் ஒருவர் பனுவலின் அமைப்பிலிருந்தே கண்டுகொண்டுள்ளார்.

மேடையில் அச்சிறுவனின் கேள்வி அவையோரின் கேள்வியாக ஒலிக்க வாய்ப்புண்டு. அவன் அவர்களோடு ஒரே காற்றை மூச்சிழுக்கிறான். படத்திலோ அவன் படத்திற்குள் இருக்கும் இன்னொரு பாத்திரமாகி விடுகிறான். சொற்கள் பெரிதும் அவையே; அவற்றின் சுட்டு மாறிவிடுகிறது. மேடையில் 'இங்கே' என்றால் நாடகத்தின் இடமும் நாம் அமர்ந்துள்ள இடமும் ஒன்றாகும். திரையில் 'இங்கே' என்பது எப்போதும் 'அங்கே'தான்.

அவ்வாறாயின் திரையரங்கையும் இல்லத்துத் தொலைக்காட்சியையும் ஒரே தட்டில் வைக்கலாமே என்னும் ஐயம் எழும். இரண்டிலும் நடிகர் நம் குரலைக் கேட்பதில்லை. பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) இதனைத் தெளிவுபடுத்த உதவும். தொலைக்காட்சியில் பலமுறை காட்டப்பட்டுவிட்ட அப்படம் 2012 மார்ச்சில் எண்ணியல் முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் அரங்குகளுக்கு வந்தபோது எவரும் எதிர்பாராத வரவேற்பைப் பெற்றது. இல்லத்தில் செலவின்றிக் கிடைப்பதைச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க மக்கள் ஏன் சென்றனர்? தெளிவான படம், பெரிய திரை என்னும் விடைகள் முழுமையானவை அல்ல. நன்கறிந்த படம் மறுவெளியீடு காணும் அரங்கில் சற்று உற்றுக் கேட்டால் ஒன்று புலப்படும். நடிகர் வசனத்தைத் தொடங்குமுன் அவையில் ஒருவர் அதை முடித்துவிடுகிறார். மற்றொருவர் அவரை அடக்குகிறார். மூன்றாமவர் சிரிக்கிறார். மறுமொழி திரைக்குச் செல்லவில்லை. பக்கத்து இருக்கைக்குச் செல்கிறது. மேடையில் உறவு மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் நிகழ்கிறது. திரையரங்கில் முன்னது அறுந்து பின்னது மட்டும் எஞ்சுகிறது. எஞ்சியது சிறிதன்று. சிவாஜி கணேசனின் செந்நடை வசனத்திற்கு ஒரு கூட்டமே உம் கொட்டும்போது அவ்வசனத்தின் யாப்பே வேறாகி விடுகிறது. தனியறையில் கேட்போர் சிலர்க்கு மிகையெனத் தோன்றும் அதே நீட்டல், கூட்டத்தின் ஒலிக்கு இடம்விட்டுச் செய்த நிறுத்தமாக அங்கே விளங்குகிறது. மேடையிலிருந்து வந்த நடிகர்களின் திரைமொழியை மதிப்பிடும் திறனாய்வாளர்கள் இதனைக் கருத்தில் கொள்ளாமல் 'நாடகத்தன்மை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது முறையன்று.

இனித் தொலைக்காட்சி. பி. ஆர். சோப்ரா, ரவி சோப்ரா ஆகியோரின் 'மகாபாரத்' 1988 அக்டோபர் 2 முதல் 1990 சூன் 24 வரை 94 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பாயிற்று. உரையாடலை எழுதியவர் இந்தி, உருது எழுத்தாளர் ராஹி மாசூம் ரஸா. வைசம்பாயனரையும் சனமேசயனையும் சட்டகத்தினின்று விலக்கி, கதைசொல்லியாக அவர் வைத்தது காலம் என்னும் உருவமற்ற குரலை. அண்டவெளியில் சுழலும் சக்கரத்தின் பின்னிருந்து, தன்மை இடத்தில் நின்று, காலம் பேசுகிறது. யாரிடம் பேசுகிறது? கேட்போனாகிய பாத்திரம் எவனும் இல்லை. பெட்டியின் முன் உள்ள முன்னிலையே அதன் முன்னிலை. அது வினவினாலும் விடைக்குக் காத்திராது. காத்திருக்க அதற்கு நேரமும் இல்லை. துணிவான இலக்கிய உத்தி என்பதில் ஐயமில்லை. ஆயினும் பல நூற்றாண்டுகளாகக் கேட்போன் அமர்ந்திருந்த இருக்கை முதன்முறையாக வெறுமையாக்கப்பட்டது.

இவ்விடத்தில் வழக்கமான புலம்பலோடு கட்டுரையை முடித்துவிடலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. 1988இல் 'இல்லத்தில் பார்த்தல்' என்பது தனியே பார்த்தல் அன்று. பெட்டிகள் சில, பார்ப்போர் பலர். முந்தைய ஆண்டு தொடங்கிய 'இராமாயண்' தொடரின்போது மக்கள் நீராடி வந்து பெட்டிக்கு மாலையிட்டு அமர்ந்தது பரவலாகப் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டார் கூடிய அக்கூடம் ஓர் அவையே. மேலும், தில்லியில் பெண் பார்வையாளரிடையே களஆய்வு செய்த பூர்ணிமா மங்கேகர், திரௌபதியின் துகிலுரிதல் பற்றி 1993இல் வெளியிட்ட கட்டுரையில், அப்பெண்கள் திரௌபதியின் சினத்தைத் தம் சினமாகக் கண்டதையும் அக்காட்சியை முன்னிட்டுத் தம் வாழ்க்கையைப் பேசியதையும் காட்டியுள்ளார். அரங்கில் இவ்வளவு விரிவாகப் பேச முடியாது. அருகிலிருப்போர் பொறுக்கமாட்டார்கள். உம் என்னும் ஓரொலி இல்லத்தில் முழுப் பேச்சாக விரிந்தது. தொலைக்காட்சி மனிதனை ஊமையாக்கிற்று என்போர் இச்சான்றுக்கு விடை கூற வேண்டும்.

தமிழில்லங்களில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. இந்தி அறியாத வீடுகளிலும் அத்தொடர் பார்க்கப்பட்டது. கதை தெரியும், மொழி தெரியாது. ஆகவே வீட்டில் ஒருவர், பெரும்பாலும் மொழி சற்றும் அறியாத பாட்டி, கதையறிவை மட்டுமே துணைக்கொண்டு, திரையில் நடப்பதைச் சிறாருக்குச் சொல்லிவந்தார். இந்தியில் பீஷ்மர் நீளப் பேசுவதைப் பாட்டி இரண்டு சொற்களில் முடிப்பார். சகுனியின் ஒரு சிரிப்புக்கு இரண்டு நிமிடம் விளக்கம் தருவார். கட்டியங்காரன் செய்த அதே தொழில். மூலத்திற்கு உண்மையாக இருத்தல் என்னும் அளவுகோலால் அளந்தால் அம்மொழிபெயர்ப்புத் தேறாது. அவையை உயிரோடு வைத்திருத்தல் என்பதே அளவுகோலாயின் அதற்கு நிகராக ஒன்றைச் சொல்வது அரிது.

2013இல் ஸ்டார் பிளஸ் இந்தியில் ஒளிபரப்பத் தொடங்கிய புதிய மகாபாரதம் தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்டு விஜய் தொலைக்காட்சியில் வந்தது. இப்பணியின் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. உதடு மூடும் இடத்தில் இதழ் எழுத்து வேண்டும். இந்தியில் மூன்று நிலையான முன்னிலைப் பெயர்களைத் தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்னும் நான்கினுள் எங்கெங்கே பொருத்துவது என முடிவு செய்ய வேண்டும். 1988 தொடரால் பரவிய 'பிதாஸ்ரீ', 'மாதாஸ்ரீ' போன்ற விளிகள் இந்திக்குப் புதியன. உருது விளிகளின் வார்ப்பில் ரஸா ஆக்கியவை என்பர். பழமையின் சாயலைத் தரும் இத்தகைய புத்தாக்கத்தைத் தமிழில் 'தந்தையே' என்று ஆக்கினால் பழமை கிட்டும்; ஆக்கத்தின் புதுமை மறையும். இவை யாவும் மொழிமாற்றுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் இடர்கள். அவர்கள் எவ்வளவு திறம்படச் செய்கின்றனரோ அவ்வளவுக்குப் பாட்டியின் பணி தேவையற்றதாகிறது. நிறைவான மொழிமாற்றம் வீட்டு அவையை அமைதியாக்கிவிட்டது. அதற்குள் வீட்டில் பெட்டிகளும் பெருகிவிட்டன என்பதையும் மறக்கலாகாது. 2020 மார்ச்சு இறுதியில், பொது முடக்கத்தால் அரங்குகள் மூடப்பட்ட நிலையில், பழைய 'இராமாயண்', 'மகாபாரத்' தொடர்கள் மறுஒளிபரப்புப் பெற்றன. படம் அதே படம். மாலையிட்ட பெட்டியைச் சூழ்ந்த அண்டை வீட்டார் மட்டும் இல்லை, வரவும் இயலவில்லை.

ஆகவே எல்லையைப் பெட்டிக்கும் மேடைக்கும் இடையே வரைவது சரியன்று. தூர்தர்ஷனே இதற்குச் சான்று தந்துள்ளது. சோப்ராவின் தொடர் தொடங்கிய அதே 1988இல் ஷ்யாம் பெனகலின் 'பாரத் ஏக் கோஜ்' தொடரும் வந்தது. நேருவின் நூலை அடியொற்றிய அதன் பாரதப் பகுதிகளில் தீஜன் பாயின் பாண்டவானி இடம்பெற்றது. ஒரே நிறுவனம், ஒரே கதை, ஒரே இல்லம். ஒன்றில் கேட்போன் இல்லாத காலத்தின் குரல். மற்றொன்றில் ஹுங்காருவோடு கூடிய கதை. பின்னதைப் பார்ப்பவர் தம்மையறியாமல் ராகியோடு சேர்ந்து உம் கொட்டுவது இயல்பு. மேலைத்தொலைக்காட்சி 1950களிலிருந்து நகைச்சுவைத் தொடர்களில் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்துவந்ததும் இவ்வெறுமையை நிரப்பும் முயற்சிதான். ஆனால் அச்சிரிப்பு எவருடையதும் அன்று. ராகிக்கு முகம் உண்டு; சில வேளைகளில் கதைசொல்லியையே அவர் தடுமாறச் செய்யவும் கூடும்.

என் சார்பை மறைக்க வேண்டியதில்லை. சேலையைத் தொடுமுன் கதை நின்று அவை தணியக் காத்திருக்கும் அந்த நேரத்தை எந்தத் திரையும் தரவியலாது. அதற்காக ஓர் இரவு விழித்திருப்பது தகும். அதே வேளை, நிகழ்த்துகலைகளைப் பதிவு செய்து மொழிபெயர்த்து வெளியிடும் நம் துறையினரே, தொலைக்காட்சியைக் குறை கூறிக்கொண்டு, அது செய்ததையே தாளில் செய்துவருவதையும் சுட்டவேண்டும். கூத்துப் பனுவல்களை அச்சிடும்போது கட்டியங்காரனின் பேச்சு 'வசனம்' என்னும் ஒற்றைக் குறிப்பாகச் சுருங்குகிறது. நிகழ்ச்சிதோறும் மாறுவது என்பதற்காக அதனைப் பனுவலுக்குப் புறம்பானதென்று தள்ளுகின்றனர். கதைப்பாடல் பதிப்புகளில் பின்பாட்டுக்காரரின் மறுமொழிகள் 'திரும்பக் கூறல்' எனக் கருதி நீக்கப்படுகின்றன.

பாண்டவானியைத் தமிழாக்க முற்படும் ஒருவர் முதலில் தீர்க்க வேண்டியது ஹுங்காருவை என்ன செய்வது என்பதே. அதனை எல்லா இடத்தும் 'உம்' என்று எழுதிச் செல்வது எளிது, பொருந்தாது. தமிழில் 'உம்' என்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைத்தான் காட்டும். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் சொல்லும் 'ஆமா' சொன்னதற்கு உடன்படுகிறது. 'அப்படியா' என்பதில் வியப்போடு சிறிது ஐயமும் கலந்துள்ளது. 'அப்புறம்' என்பது கதையை முன்னே தள்ளுகிறது. ராகி ஒரே ஒலியால், ஏற்ற இறக்கத்தை மட்டும் மாற்றி, இந்நான்கையும் செய்துவிடுகிறார். துச்சாதனன் திரௌபதியின் கூந்தலைப் பற்றும் இடத்தில் வரும் ஹுங்காரு இந்நான்கில் எதுவும் இல்லை. அங்கே 'ஐயோ' என்று எழுதுவதா, ஒரு வரி வெற்றிடம் விடுவதா என்பதை ஒலிப்பதிவைப் பலமுறை கேட்டபின்னரே மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்ய இயலும்.